ஜானவாச வண்டி

ஓடத் தெரிந்த கார்கள் திருவனந்தபுரத்தில் அப்போதே நிறையக் கிடந்தன. நடக்கத் தெரிந்த கார் ஒன்றே ஒன்றுதான். அது சாலைக் கம்போளத்துக்குப் பின்னால் ஆரியசாலைப் பக்கம், ஓர் ஓலைக் கொட்டகையில் நின்ற கோலப்பபிள்ளையின் வண்டி.

கார் நடக்குமா என்று கேட்பவர்கள் கரமனை அக்ரகாரத்தில் ஒரு ஜானவாசமும் பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்திரம், மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் எடுத்துக் கொடுத்த கோட்டும் சூட்டும் போட்டு, கோவில் வாசலிலிருந்து கல்யாண வீடு வரை திறந்த காரில் கூட்டி வருவார்கள். தூரம் என்னவோ இரண்டு தெருதான். போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாகும். தெருவிலுள்ள குஞ்சுகுளுவான் எல்லாம் வண்டிக்குள் ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் தலையில் காஸ் லைட்டைச் சுமந்துகொண்டு ஆட்கள் நடப்பார்கள். முன்னால் நாகசுரம். நாகசுரக்காரர் இருபது அடி நடப்பார், நிற்பார், கண்ணை மூடிக்கொண்டு ஒரு ராகத்தை எடுப்பார். அவர் கண்ணைத் திறக்கிறவரை வண்டியும் நிற்கவேண்டும். நின்றால் மட்டும் போதாது. எஞ்சின் அணையாமல் நிற்கவேண்டும். அணைந்துவிட்டால் இறங்கி, மாப்பிள்ளைக்கு முன்னால் குனிந்து ஹாண்டில் போட்டுச் சுழற்றவேண்டும். பார்க்க லட்சணமாக இருக்காது. அதோடு, மாப்பிள்ளை உட்கார்ந்த வண்டி அணைந்தால் நல்லதுக்கில்லை என்று சொல்ல எந்தத் தெருவிலும் ஓர் அத்தை இருப்பாள்.

கோலப்பபிள்ளையின் வண்டி அணையாது. பழைய வண்டிதான். ஒரு தோட்டத்து துரை ஓட்டித் தேய்த்து விட்டுப்போனது. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பானெட்மேல் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாது. இதை அவர் ஊரார் முன்னால் செய்து காட்டியிருக்கிறார். ஐப்பசியிலிருந்து ஆனிவரை முகூர்த்தம் பார்க்கிறவர்கள் சாஸ்திரிகளைப் பார்த்த கையோடு கோலப்பபிள்ளையையும் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிப்பார்கள்.

அந்த வண்டியால் பிழைத்தவள் மங்கலம். கோலப்பபிள்ளையின் மனைவி. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பூதப்பாண்டியில், கணவனுடைய அண்ணன் வீட்டு அடுக்களையில், ஒரு கல் உப்பு எடுக்கவும் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அங்கிருந்து கிளம்பி இந்தப் பட்டணத்துக்கு வந்து, தன் கையால் தனக்கென்று ஒரு அடுப்பு மூட்டியது இந்த வண்டியின் தயவில்தான். போன ஆவணியில் மகளை நாகர்கோவிலில் கட்டிக் கொடுத்ததும் இதே சக்கரத்தின்மேல்தான். அந்தச் சந்தோஷத்தில் இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, லைட்டுக்கும் ஸ்டியரிங் வளையத்துக்கும் சந்தனம் வைத்தது போதாது என்று, பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே இருந்த எஞ்சினுக்கும் வைத்தாள். மழையிலும் வெயிலிலும் உழைப்பது உள்ளே இருப்பது. பொட்டு மட்டும் வெளியே இருப்பதற்கா என்பது அவள் நியாயம். நன்றியை அரைகுறையாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ஆயுத பூஜை முடிந்தது. வண்டிக்கு வியாதி வந்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. வேகம் குறைந்தால் போதும், இருமும், மூச்சு வாங்கும், அணையும். ஐப்பசி முதல் முகூர்த்தத்தில், வலியசாலை ஜானவாசத்தில், மூன்று தடவை அணைந்தது. மூன்றையும் மாப்பிள்ளையின் அத்தை விரல் மடக்கி எண்ணினாள். அடுத்த கல்யாணத்துக்கு கோலப்பபிள்ளை திருகைத் திருகி எஞ்சின் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு போனார். அணையவில்லை, கன்றுக்குட்டி மாதிரித் துள்ளிப் போய்த் தவில்காரரின் பின்பக்கத்தில் முட்டியது. அந்த மனுஷர் மிச்ச தூரமெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசித்தார். அப்படி வாசித்த தவில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

அதற்கப்புறம் பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணக்காரர்கள் மரியாதையாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள், வேறு வண்டி கிடைத்துவிட்டது என்று. மிச்சம் இருந்தது கரமனை அனந்தபத்மநாபய்யர் ஒருவர்தான். சர்க்கார் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. இரண்டாவது மகள் விஜயலக்ஷ்மிக்குக் கல்யாணம். இன்று சாயந்திரம் ஜானவாசம்.

காலையில் காப்பி குடித்த வாயோடு அவரே வந்துவிட்டார். கொட்டகை வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கோலப்ப பிள்ளை, வண்டி எப்படி?"

"ஓடுது சாமி."

"ஓடறதுக்கு நான் பஸ்ஸைக் கூப்பிட்டிருப்பேனே. நிக்குமா?"

கோலப்பபிள்ளை கையிலிருந்த துணியால் மற்றக் கையைத் துடைத்தார்.

"ஆத்துக்காரி பாகீரதி நேத்து முழுக்க ஒரே பாட்டு, வேற வண்டி பாருங்கோ, வேற வண்டி பாருங்கோன்னு. கேட்டீரா, ஏழு ஜாதகம் தட்டிப்போய் எட்டாவதா அமைஞ்ச இடமாக்கும். மாப்பிள்ளைக்கு அம்மா ஒரு மாதிரி. யாராவது தும்மினா எடுத்த தட்டைக் கீழே வச்சுடுவா. நான் என்ன சொன்னேன் தெரியுமோ? மூத்தவளுக்கு வந்த வண்டி, அவ அமோகமா இருக்கா, இவளுக்கும் அதே வண்டிதான்னுட்டேன். சொல்லிட்டேனே தவிர எனக்கும் தூக்கம் வரலை."

"நான் பாத்துக்கிடுதேன் சாமி."

"ஆறு மணிக்குக் கோவில் வாசல்ல இருக்கணும். துலாவர்ஷம் வேற மத்தியானம் ஆனா கொட்டறது. மழைக்குப் பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் நேந்துண்டிருக்கேன். அதை அவர் பாத்துப்பார். வண்டியை நீர் பாத்துக்கும்."

அவர் போனதும் கோலப்பபிள்ளை கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். மங்கலம் அடுக்களை வாசலில் நின்றாள். சிறுபயறும் அரிசியும் போட்ட கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"மங்கலம், இன்னைக்கும் அணைஞ்சுதுன்னா நாளைக்கே பகவதிப்பெருமாள்ட்ட சொல்லீருவேன்" என்றார். பகவதிப்பெருமாள் சாலையில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். "இரும்புக்கு எடுத்துக்கிடுகேன்னு போன வாரமே சொன்னாரு."

"பின்ன நாம?"

"பின்ன என்ன. பூதப்பாண்டிதான். அண்ணன் வரச் சொல்லி எழுதியிருக்கான். வயலுக்கு ஆளு வேணுமாம்."

மங்கலம் உள்ளே போய்க் கஞ்சியைத் துழாவினாள். ஓரகத்தியின் அடுக்களையில் உப்பு வைக்கிற மரவை எந்த மூலையில் இருக்கும் என்பது பதின்மூன்று வருஷத்துக்கு அப்புறமும் கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அதை அடக்கிக்கொள்ளக் காரணம், அவள் நேற்றே ஒரு காரியம் செய்திருந்தாள். முட்டை விற்க வருகிற எலிசாளிடம், அவள் பக்கத்து வீட்டுக்காரன் ராஜமணியை வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். ராஜமணி நெய்யூர்க்காரன். பஸ் ஷெட்டில் மெக்கானிக். கோலப்பபிள்ளைக்கு இது தெரியாது. தெரிந்தால் விடமாட்டார். என் வண்டிக்கு இன்னொருத்தன் வந்து நாடி பார்க்கவா என்பார்.

பத்து மணிக்கு ராஜமணி வந்தான். முப்பத்தைந்து வயசிருக்கும். வெட வெடவென்று ஒல்லி. கையில் ஒரு தகரப்பெட்டி. கோலப்பபிள்ளை அவனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அடுக்களை வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மங்கலத்தின் சேலைத் தலைப்பு மட்டும் கதவிடுக்கில் தெரிந்தது.

"யாரு சொல்லி வந்தே வே?"

"இந்த வழியா போனேன் அண்ணாச்சி. சத்தம் கேட்டுது."

"வண்டி ஓடவே இல்லியே, என்ன சத்தம்?"

"அதாக்கும் கேட்டுது" என்று ராஜமணி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டான். "ஒரு மட்டம் ஸ்டார்ட் பண்ணுங்க, கேப்போம்."

கோலப்பபிள்ளை ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றினார். நாலாவது சுற்றில் பிடித்தது. ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார், சீராக ஓடியது. காலை எடுத்தார். பட படவென்று போய், தொண்டையில் ஏதோ சிக்கினதுபோல் இருமி, மறுபடி எழும்பி, ஒரேயடியாகத் தாழ்ந்து அணைந்தது. பின்னாலிருந்து திரி ஏற்றிய அரிக்கன் விளக்கு மாதிரிக் கரும்புகை வந்தது.

ராஜமணி புகையை முகர்ந்தான். "எப்பம் தொடங்கிச்சு இது?"

"பெட்ரோல் கொள்ளூலவே. தண்ணி கலந்து விக்கானுவ. நான் மான்தோல்ல அரிச்சுத்தான் ஊத்துகேன், இருந்தாலும்…"

"சரி. எப்பம் தொடங்கிச்சு?"

"பிளக்கை மூணு தடவை களத்தித் தொடச்சாச்சு. மேக்னெட்டோவா இருக்கும்னும் ஒரு…"

"அண்ணாச்சி, நான் நோவு என்னண்ணு கேக்கேன். நீங்க மருந்து சொல்லுதிய."

அடுக்களை வாசலிலிருந்து மங்கலத்தின் குரல் வந்தது. "ஆயுத பூஜை கழிஞ்சு ரெண்டாம் நாளு. தம்பானூர் ஸ்டேஷனுக்கு சவாரி போயிட்டு வந்து வாசல்ல அணைஞ்சுது. அதுக்கு முந்தி வாசல்ல வந்து அணைஞ்சதே கிடையாது. இவரு அணைக்கணும், அப்பம்தான் அணையும்."

ராஜமணி அவள் பக்கம் திரும்பினான். "அதுக்குப் பொறவு ஒரே மாதிரி இருக்கா அக்கா, நாளுக்கு நாள் கூடுதலா?"

"நாளுக்கு நாள் கூடுதல்தான்" என்றார் கோலப்பபிள்ளை.

"அப்படி இல்ல. புதன், வியாழன் ஆனா கொஞ்சம் தேவலை. சனிக்கிழமை இருமல் பெலமா இருக்கும்."

கோலப்பபிள்ளை சிரித்தார். "வண்டிக்கு சனி புடிச்சிருக்குன்னு சொல்லுகா. பஞ்சாங்கம் பாத்து ஓடுகு வண்டி."

ராஜமணி சிரிக்கவில்லை. "சனிக்கிழமைன்னு நல்ல ஓர்மை உண்டா அக்கா?"

"சனிக்கிழமை காலம்பற இவரு ஹாண்டில் போடுகப்பம் திட்டுகது அடுக்களை வரைக்கும் கேக்கும். மத்த நாளு அவ்வளவு கேக்காது."

கோலப்பபிள்ளை பானெட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

ராஜமணி நாலு பிளக்கையும் கழற்றிப் பெட்டிமேல் வரிசையாக வைத்தான். நாலும் கண்மை பூசினதுபோல் ஒரே கறுப்பு. "ஒண்ணு மட்டும் கறுத்திருந்தா அந்தப் பிளக்கைச் சந்தேகப்படலாம். நாலும் ஒண்ணுபோல கறுத்தா, பிளக்கு பாவம். அதுக்குப் போற தீனிதான் சரியில்ல." துடைத்து மாட்டி மறுபடி எஞ்சினை ஓடவிட்டான். இணைப்புகளின்மேல் எண்ணெய்க் குப்பியால் சொட்டுச் சொட்டாக விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். சத்தத்தில் மாற்றமில்லை. "களவா காத்து எங்கயும் ஏறல்ல." பெட்ரோலில் காற்றைக் கலக்கிற கார்ப்பரேட்டரின் வாயைக் கையால் பாதி பொத்தினான். எஞ்சின் உடனே செத்தது. "பாத்தியளா. ஏற்கெனவே காத்துக்கு ஏங்குது. பெட்ரோல் கூடுதலா வருது, இல்லைன்னா காத்துக் குறைவா போவுது. ரெண்டுல ஒண்ணு."

பெட்ரோல் கிண்ணத்தைத் திறந்து மிதவையைப் பார்த்தான். சரியாக இருந்தது. சோக்கைப் பார்த்தான். நன்றாகத் திறந்திருந்தது. வெயில் ஏறிக் கொட்டகைக்குள் புழுங்கியது. வடகிழக்கே சாஸ்தமங்கலம் பக்கம் மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கோலப்பபிள்ளை அதையும் பார்த்து, வண்டியையும் பார்த்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"இதுக்குள்ள ரெண்டு வழி உண்டு அண்ணாச்சி" என்றான் ராஜமணி, எஞ்சினை மறுபடி ஓடவிட்டு. "வேகமா ஓடப் பெரிய வழி. அதுல ஒரு கொழப்பமும் இல்ல. மெதுவா ஓடத் தனியா ஒரு சின்ன வழி. அதுக்குத் தனிப் பெட்ரோல், தனிக் காத்து. இந்தத் திருகு அந்தச் சின்ன வழிக்கு உள்ளது. நான் எவ்வளவு திருகினாலும் எஞ்சின் பதில் சொல்ல மாட்டேங்குது, பாருங்க. சரி, நீங்க ஏறி இருந்து ஆக்ஸிலேட்டரைப் பைய மிதிச்சுக்கிட்டே இருங்க. அணைய விடாண்டாம்."

கோலப்பபிள்ளை ஏறி உட்கார்ந்தார். தூக்கிவைத்த பானெட் தகடு அவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மறைத்தது. ராஜமணி மண்டிபோட்டுக் கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் விரலால் தடவித் தேடினான்.

"பக்கத்துல ஒரு துவாரம் இருக்கணும். ஊசி போற அளவு. இங்கன ஒரு குழி இருக்கு. குழிக்குள்ள துவாரத்தைத்தான் காணல்ல. அக்கா, ஒரு ஈர்க்குச்சி தாங்க. கம்பி கூடாது, துவாரம் பெருசாயிரும்."

மங்கலம் துடைப்பத்திலிருந்து நல்லதாக ஒன்றை உருவி, நுனியைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அப்படியே குனிந்து பார்த்தாள். ராஜமணி குழிக்குள் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டு, ஊறவைத்து, ஈர்க்கை மெதுவாகத் திருகினான். இழுத்தபோது நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. இன்னும் ஒரு தடவை. இன்னும் கொஞ்சம் மஞ்சள், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

அவன் மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மங்கலத்துக்கு நின்ற இடத்திலேயே மணந்தது.

எஞ்சின் முழுக்க எண்ணெயும் கரியுமாக இருக்க, பித்தளையாலான அந்தக் கார்ப்பரேட்டர் மட்டும் குத்துவிளக்கு மாதிரிப் பளிச்சென்று இருக்கும். அதன் பக்கத்தில் மோதிர விரல் நுனிக்கு அளவெடுத்ததுபோல் ஒரு குழி. மற்ற இடத்தில் வைத்த பொட்டு சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும். அந்தக் குழியில் வைத்தது நிற்கும். அதனால் அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. ஆயுத பூஜையன்று வைத்தாள். வண்டிக்கு வியாதி வந்ததும், ஏதோ குறை வைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றின கையோடு வந்து, அவர் இல்லாத நேரம் பார்த்து, பானெட்டைத் தூக்கி, முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி வைத்தாள். வியாதி கூடக் கூடச் சந்தனமும் கூடியது. சனிக்கிழமை சனிக்கிழமை அவர் திட்டினதெல்லாம் யாரை என்று இப்போது தெரிந்தது.

அவள் சேலைத் தலைப்பால் மோதிர விரலைத் துடைத்தாள். ராஜமணி அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் பார்த்திருப்பான்.

"என்னவே, என்ன கிடைச்சுது?" என்றார் மறைவுக்கு அந்தப் பக்கமிருந்து கோலப்பபிள்ளை.

ராஜமணி ஈர்க்கைத் தன் வேஷ்டித் தும்பில் துடைத்தான். "தூசி அண்ணாச்சி."

"தூசியா? நான் தெனமும் தொடச்சுக்கிட்டுல்லா இருக்கேன்."

"தொடச்சாப் போற தூசி இல்ல. உள்ள குடியேறின தூசி. எஞ்சினை அணைச்சிட்டு டயர் பம்பை எடுங்க."

பம்பை வைத்து நாலு அடி அடித்தான். துவாரம் சீழ்க்கை அடித்ததுபோல் ஒலித்தது. குழியை நன்றாகத் துடைத்து மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டான். எஞ்சினை ஓடவிட்டுத் திருகைத் தொட்டதும் சத்தம் மாறியது. உள்ளே திருகினால் ஒன்று, வெளியே திருகினால் வேறொன்று. "இப்பம் பேசுது" என்றான். கண்ணை மூடிக்கொண்டு, கால் திருகு, அரைக்கால் திருகு என்று பின்னுக்கும் முன்னுக்குமாகப் போய் ஓரிடத்தில் கையை எடுத்தான். கோலப்பபிள்ளை கூட்டிவைத்திருந்த வேகத்தையும் குறைத்தான். இருமல் இல்லை, துள்ளல் இல்லை. தூங்குகிற மனுஷனின் மூச்சு மாதிரி ஒரே சீராக ஓடியது.

கோலப்பபிள்ளை இறங்கி வந்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மங்கலம், ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

பானெட்டை மூடி, அதன்மேல் தளும்பத் தளும்ப வைத்தார். தண்ணீர் வட்டம் வட்டமாக நெளிந்தது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. மூன்று பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோலப்பபிள்ளை துண்டை முகத்தில் வைத்தவர் எடுக்க நேரமாயிற்று.

"ராஜமணி, எனக்கு வாயில ஒண்ணும் வரல்லவே. நீ எங்க குடும்பத்தைக் காப்பாத்தீட்ட."

"போங்க அண்ணாச்சி. ஒரு ஈர்க்குச்சிக்குள்ள வேலை."

மங்கலம் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் சுட்ட பப்படமும் கொண்டுவந்து வைத்தாள். வெளியாட்களுக்கு என்று கொட்டகைத் தூணில் ஓரம் தெறித்த ஒரு பீங்கான் கோப்பை தொங்கும். பஸ் ஷெட்டிலிருந்து போன தடவை டயர் ஒட்ட வந்த வேறொருவனுக்கும் அதில்தான் காப்பி கொடுத்திருந்தாள். இன்றைக்கு அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை. கோலப்பபிள்ளையின் பித்தளை டம்ளரிலேயே காப்பியை ஆற்றிக் கொண்டுவந்தாள். கோலப்பபிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் பப்படத்தை ராஜமணி பக்கம் நகர்த்தினார். ராஜமணி டம்ளரை வாங்கி, வழக்கப்படி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனான்.

"சும்மா வாயில வச்சுக் குடியுங்க தம்பி" என்றாள் மங்கலம். "சூடு ஆறிப் போவும்."

போகும்போது, கோலப்பபிள்ளை பெட்டியை எடுத்துக் கொடுக்கத் திரும்பிய சமயத்தில், அவன் குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னான். "லைட்டுக்கு வையுங்க அக்கா, வளையத்துக்கு வையுங்க. அந்த ஒரு எடம் மட்டும் அதுக்கு மூக்கு."

மூன்று மணிக்கு இடி இடித்து மழை கொட்டியது. நாலரைக்கு நின்றது. ஏழு தேங்காய்க்கு அனந்தபத்மநாபய்யர் கடன்பட்டார். மங்கலம் எந்த ஜானவாசத்துக்கும் போனவள் இல்லை. இன்று, நானும் வாறேன் என்று பின்சீட்டில் ஏறிக் கரமனையில் இறங்கி, கோவில் மதிலோரம் பெண்களோடு பெண்ணாக நின்றாள். ஈரத் தெருவில் கோலத்தை மறுபடியும் போட்டிருந்தார்கள். மல்லிகைச் சரமும் மருக்கொழுந்துமாகத் தொங்கவிட்டு வண்டியே கல்யாணப் பெண் மாதிரி நின்றது. மாப்பிள்ளை ஏறினார். அவருக்கு முந்தி ஒன்பது பிள்ளைகள் ஏறியிருந்தன.

நாகசுரக்காரர் இருபது அடி போனார், நின்றார், கண்ணை மூடினார். வண்டி நின்றது. மங்கலம் ராகத்தைக் கேட்கவில்லை. அதற்கு அடியில் இருக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சீராக இருந்தது. அவர் கண்ணைத் திறந்தார், நடந்தார், வண்டியும் நடந்தது. மங்கலமும் கூடவே மதிலோரமாக நடந்தாள். பெரிய தெரு முனையில் அவர் தோடியை எடுத்துவிட்டார். எடுத்தால் லேசில் விடுகிற ராகமா அது. கால்மணி நேரம் ஆயிற்று. காஸ் லைட் சுமந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா சம்பந்திகளோடு பேசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, காதை மட்டும் வண்டிப் பக்கம் வைத்திருந்தாள். வலியசாலைக் கதை அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கோலப்பபிள்ளை ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். வண்டி அணையவில்லை. கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் அணையவில்லை. தவில்காரர் ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போன கையோடு பாகீரதி மாமி திரும்பி வந்தாள். கையில் சந்தனக் கிண்ணம். "என் வயத்துல பாலை வார்த்த வண்டி. இதுக்கும் ஒரு பொட்டு வைக்கணும்னு தோணித்து" என்றாள். சூடு தணியட்டும் என்று கோலப்பபிள்ளை பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தார். காஸ் லைட் வெளிச்சத்தில் பித்தளை பளபளவென்று மின்னியது. மாமியின் விரல் நேரே அங்கே போயிற்று.

"மாமி, அங்க வேண்டாம்."

மங்கலம் எப்படி அந்தக் கூட்டத்தைத் தாண்டி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாமியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மாமி திகைத்துப்போய் நின்றாள்.

"ஏன்டீ?"

"நெத்தியில வையுங்கோ மாமி. இஞ்ச, முன்னால. இதாக்கும் அதுக்கு நெத்தி."

"அதானே, நெத்தி இருக்கச்சே நான் எங்கயோ வைக்கப் போனேன்" என்று மாமி சிரித்துக்கொண்டே ரேடியேட்டர் மூடியின்கீழ் பெரிய பொட்டாக வைத்துவிட்டு உள்ளே போனாள். கோலப்பபிள்ளை மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

திரும்பி வரும்போது மங்கலம் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கல்யாண வீட்டுக்காரர் கொடுத்த முறுக்கும் லட்டும் நிறைந்த ஓலைப்பெட்டி மடியில். கிள்ளிப்பாலம் தாண்டியதும் அவர் கேட்டார்.

"மங்கலம், தூசிக்கு மணம் உண்டுமா?"

"நான்தான். நானாக்கும் அதை அடச்சது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வச்சேன். நல்லதுக்குன்னு நெனச்சேன். பூதப்பாண்டிக்குப் போக வேண்டியிருந்தா அதும் என்னாலதான் இருந்திருக்கும்." அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

"எனக்குக் காலம்பறயே மணந்துது" என்றார் அவர். "பெட்ரோலுக்கு நடுவில சந்தனம் மணந்தா எனக்குத் தெரியாதா. அவன் தூசின்னான். சரி, தூசியாவே இருக்கட்டும்னு நானும் இருந்தேன்."

"திட்டுங்க."

"என்னத்துக்கு? பதிமூணு வருஷமா இது எனக்குச் சோறு போடுகு. நான் ஒரு நாளும் இதுக்கு நன்றின்னு ஒரு வாக்குச் சொன்னதில்ல. நீ சொன்ன. கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் எலிசாள் முட்டைக்கூடையோடு வந்ததும், மங்கலம் ஓலைப்பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே அவளிடம் கொடுத்தாள். "ராஜமணிக்க வீட்டுல, ராகேல்கிட்டே குடுத்திரு. ஒரு வாரம் பிள்ளையள் தின்னட்டும்."

எலிசாள் அடுத்த நாள் வெறும்பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "இவ்வளவு பலகாரம் எதுக்குன்னு ராகேல் கேட்டா. அப்படி என்ன பெரிய வேலை செஞ்சியன்னு புருஷன்ட்ட கேட்டாளாம். ஒண்ணும் இல்ல, தூசி எடுத்தேன்னு சொன்னானாம்."

மங்கலம் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சொந்தப் பெண்டாட்டியிடமும் அவன் சொல்லவில்லை. அவள் மனசாரக் கும்பிட்டாள். அவன் குடியிருக்கிற பாளையம் எந்தத் திசை என்று பார்த்து, அந்தத் திசைக்கு.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுச் சந்தனம் உரைத்தாள். கொட்டகைக்கு வந்து லைட் இரண்டுக்கும் வைத்தாள், வளையத்துக்கு வைத்தாள், ரேடியேட்டர் நெற்றிக்கு வைத்தாள். கிண்ணத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. திரும்பப் போனவளைக் கோலப்பபிள்ளை கூப்பிட்டார். பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள இருக்கதுதானே உழைக்குது. வச்சுட்டுப் போ."

"வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு."

அவர் மற்றக் கையை உள்ளே விட்டுப் பித்தளைக் குழியின்மேல் கட்டைவிரலைப் பொத்தி வைத்தார்.

"இப்பம் வை" என்றார்.

மங்கலம் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, பழக்கப்பட்ட அதே இடத்தில் வைத்தாள். அது அவர் நகத்தின்மேல் விழுந்தது.